ஆழ்துளைப் பதிவுகளிலிருந்து நிலவியல் குறுக்குவெட்டு: க்யூஜிஐஎஸ்ஸில் வரையும் முறை

பரங்கிமலை அடிவாரத்திலிருந்து பெசன்ட் நகர் கடற்கரை வரை ஒரு நேர்கோடு போட்டால் நீளம் சுமார் எட்டரை கிலோமீட்டர் வரும். மேற்கு முனையில் சார்னோகைட் பாறை தரைக்கு மேலேயே தெரிகிறது. (1890களில் தாமஸ் ஹாலந்து சார்னோகைட் என்று பெயரிட்டது இந்தப் பகுதிப் பாறையை ஆராய்ந்துதான்.) கிழக்கே போகப் போக அதே பாறை மணலுக்கும் களிக்கும் அடியில் புதைந்துவிடுகிறது. நடுவில் அது எங்கே இறங்குகிறது, எங்கே மேடு தட்டுகிறது என்பதை, கட்டடங்களுக்கும் பாலங்களுக்கும் போட்ட துளைகளின் பதிவை வைத்துத்தான் வரைய முடியும். இந்தக் கோட்டையே உதாரணமாக வைத்து, இலவச வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ்ஸில் குறுக்குவெட்டு, அதாவது நிலத்தைச் செங்குத்தாக வெட்டினால் தெரியும் அடுக்குகளின் படம், வரைவதைப் பார்ப்போம். துளை எண்களும் ஆழங்களும் விளக்கத்துக்காகத் தந்த மாதிரி அளவுகள்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வரைந்த வெட்டில் ஓர் அடுக்கு திடீரென்று படி இறங்கினால், அங்கே பிளவுப்பெயர்ச்சி (பாறை பிளந்து ஒரு பக்கம் நகர்ந்த இடம்) இருக்கிறது என்று எழுதுவதற்கு முன் அந்தத் துளையின் அட்டவணையைத் திறந்து பாருங்கள். இல்லாத பிளவுகளும் இல்லாத மணல் வில்லைகளும் பெரும்பாலும் தப்பான தரைமட்டத்திலிருந்தும், அடிக்கணக்கில் எழுதிய ஆழத்தை மீட்டராக எடுத்துக்கொண்டதிலிருந்தும்தான் பிறக்கின்றன.

இரண்டு அட்டவணைகள்

எல்லாவற்றையும் ஒரே தாளில் போடாதீர்கள். முதல் அட்டவணை துளைவாய்க்கு: துளை எண், கிழக்கு, வடக்கு, தரைமட்டம், மொத்த ஆழம். ஒரு துளைக்கு ஒரு வரி. இரண்டாவது அடுக்குகளுக்கு: துளை எண், முதல், வரை, வகை, பதிவில் உள்ள சொல். ஓர் அடுக்குக்கு ஒரு வரி. உதாரணமாக, து3 என்ற துளைக்கு 415210, 1437480, 7.35, 22.50 என்று முதல் அட்டவணையில் இருக்கும். இரண்டாவதில் 0 முதல் 1.2 வரை நிரப்பு மண், 6.0 வரை மணல், 11.5 வரை களி, 17.0 வரை மக்கிய சார்னோகைட், 22.5 வரை பாறை என்று ஐந்து வரிகள் வரும்.

'வகை', 'பதிவில் உள்ள சொல்' என்று இரண்டு பத்திகள் வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். துளைக்கு ஒருவர் பதிவு எழுதியிருப்பார். ஒருவர் 'மணல் கலந்த களி' என்று எழுதியதை இன்னொருவர் 'களி கலந்த மணல்' என்பார், மூன்றாமவர் 'சாம்பல் நிற மண்' என்பதோடு நிறுத்திக்கொள்வார். வெட்டுக்கு ஆறேழு வகைகள் போதும். ஆனால் மூலச் சொல்லை அழித்துவிட்டால், பிறகு சந்தேகம் வரும்போது திரும்பிப் பார்க்க ஒன்றும் இருக்காது.

எக்செலில் தட்டச்சு செய்பவர்கள் மூன்று இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். துளை எண் 3-5 என்று இருந்தால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். அந்தப் பத்தியை முன்கூட்டியே உரையாக மாற்றிவிடுங்கள். தமிழில் எழுதியதைச் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகும்; யூடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமிக்க வேண்டும். 'து3', 'து-3', பின்னால் ஓர் இடைவெளியோடு 'து3 ' ஆகிய மூன்றும் மென்பொருளுக்கு மூன்று வேறு துளைகள். அட்டவணைகளை இணைக்கும்போது அந்த அடுக்குகள் சத்தமில்லாமல் காணாமல் போகும், எச்சரிக்கையும் வராது. இணைத்த பிறகு வரிகளின் எண்ணிக்கை இரண்டாவது அட்டவணையின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று எண்ணிப் பார்ப்பது ஒன்றே வழி.

பிறகு ஒரு சரிபார்ப்பு: ஒவ்வோர் அடுக்கின் 'முதல்' அதற்கு முந்தைய அடுக்கின் 'வரை'யோடு சமமாக இருக்க வேண்டும், கடைசி 'வரை' மொத்த ஆழத்தோடு சமமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் தண்ணீருக்குப் போடும் போர்வெல்லின் ஆழத்தை அடிக்கணக்கில்தான் சொல்வார்கள், அடித்தள ஆய்வுத் துளைகளை மீட்டரில் எழுதுவார்கள். இரண்டையும் கலக்கும்போது அடியை 0.3048ஆல் பெருக்கிவிட்டு, மாற்றியதைக் குறிப்புப் பத்தியில் எழுதிவையுங்கள்.

தரைமட்டம்: பாதிப் பிழைகள் இங்கேதான்

அடித்தள ஆய்வு அறிக்கையில் தரைமட்டம் 99.850 என்று இருக்கும். சென்னையில் கடலை ஒட்டிய மனையில் 99 மீட்டர் ஏது? மனையின் ஓரத்தில் ஒரு கல்லையோ படிக்கட்டையோ 100.000 என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து மட்டம் எடுத்திருப்பார்கள். ஒரு மனைக்குள் இருக்கும் துளைகளை ஒப்பிட அது போதும். இரண்டு மனைகளை ஒரே வெட்டில் வைத்தால் ஒன்று அந்தரத்தில் தொங்கும். அறிக்கையில் அடிமட்டக் குறி (மட்டம் எடுக்கத் தொடங்கிய புள்ளி) எதைச் சார்ந்தது என்று தேடிப் படியுங்கள். எழுதியிருக்காவிட்டால் அந்த எண்ணை நம்பாமல் வேறு வழியில் மட்டத்தைத் தேடுங்கள்.

வேறு வழி என்றால் பலரும் முதலில் எடுப்பது கைபேசி ஜிபிஎஸ். தென்னிந்தியாவில் இது பெரிய பொறி. ஜிபிஎஸ் அடிப்படையில் தருவது நீள்வட்டகத்திலிருந்து (பூமிக்குப் பதிலாகக் கணக்கில் வைத்துக்கொள்ளும், சற்றுத் தட்டையான சீரான கோளம்) அளந்த உயரம், கடல்மட்டத்திலிருந்து அளந்தது அல்ல. நம் பகுதியில் இந்த இரண்டுக்கும் இடைவெளி மிக அதிகம். சராசரிக் கடல்மட்டத்தை நிலத்துக்கு அடியிலும் நீட்டினால் வரும் பரப்பை ஜியாய்டு என்பார்கள். உலகிலேயே அது நீள்வட்டகத்தைவிட மிகத் தாழ்ந்த இடம், ஏறத்தாழ −106 மீட்டர், இந்தியாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான் இருக்கிறது. அதனால் சென்னைக் கடற்கரையில் நின்றுகொண்டு நீள்வட்டக உயரத்தைப் பார்த்தால் −80க்கும் கீழே ஓர் எண் வரும். சில செயலிகள் தாமாகவே திருத்திக் காட்டும், சில காட்டாது. திருத்தியதும் திருத்தாததும் ஒரே அட்டவணையில் கலந்தால் 80 மீட்டருக்கு மேல் ஒரு படி விழும்.

விண்ணிலிருந்து அளந்து, கட்டம் கட்டமாக உயரத்தைத் தரும் உயர மாதிரிகளிலும் இதே வேறுபாடு உண்டு. எஸ்ஆர்டிஎம் 30 மீட்டர் தரவு இஜிஎம்96 ஜியாய்டையும், கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் தரவு இஜிஎம்2008 ஜியாய்டையும் சார்ந்தது. இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் கார்ட்டோடெம் நீள்வட்டக உயரத்தைத் தருகிறது. எதைப் பதிவிறக்கினாலும் கூடவே வரும் விவரக்குறிப்பைப் படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒரு வெட்டுக்கு ஒரேயோர் உயர மாதிரியைத்தான் பயன்படுத்த வேண்டும். நகரத்துக்குள் இவை இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். இவை அளப்பது வெறும் தரையை அல்ல. மரத்தின் தலையும் மாடியும் கலந்த பரப்பை. அடையாற்றுக் கரையில் மரங்கள் அடர்ந்த மனைக்கு நிஜத்தைவிடப் பல மீட்டர் கூடுதலாக வரலாம். 5 மீட்டர் தடிப்புள்ள களி அடுக்கைத் தேடும்போது அந்தப் பிழை அடுக்கையே விழுங்கிவிடும். சமதளப் பகுதியில் மட்டக்கருவி வைத்து எடுத்த அளவுக்கு ஈடு இல்லை. உயர மாதிரியை இருக்கும் அளவுகளைச் சரிபார்க்கவும், தரைக்கோடு வரையவும் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. தரைமட்டம் எங்கிருந்து வந்தது என்று முதல் அட்டவணையில் ஒரு பத்தி சேர்த்துவிட்டால், பின்னால் எந்தத் துளையை எவ்வளவு நம்பலாம் என்பது பார்த்தவுடன் தெரியும்.

கிடைத்தள ஆயத்தொலைவுக்கு யூடிஎம் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் முறை) மண்டலம் 44 வடக்கு. க்யூஜிஐஎஸ்ஸில் இதன் குறியீட்டு எண் இபிஎஸ்ஜி 32644. சென்னை, காவிரிப்படுகை, மதுரை எல்லாம் இதற்குள் வரும். 78° தீர்க்கரேகைக்கு மேற்கே இருக்கும் கோவைக்கு மண்டலம் 43, அதாவது 32643. பழைய இந்திய நில அளவைத் தாள்களிலிருந்து எடுத்த ஆயத்தொலைவு எவரெஸ்ட் என்ற பழைய நீள்வட்டகத்தைச் சார்ந்தது. அதை மாற்றாமல் போட்டால் துளை நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி உட்காரும்.

வெட்டுக்கோடும் பக்கத்துத் துளைகளும்

துளைவாய் அட்டவணையை 'ஆட் டிலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர்' வழியாக ஏற்றி, உடனே ஜியோபேக்கேஜாகச் சேமியுங்கள். பழைய கோப்பு வடிவமான ஷேப்ஃபைலில் பத்திப் பெயருக்குப் பத்து பைட்தான் இடம்; யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுப்பதால் 'தரைமட்டம்' என்ற பெயர் பாதியிலேயே அறுந்துவிடும்.

வெட்டுக்கோட்டுக்கு ஒரு புதிய கோட்டு லேயர். மேற்கிலிருந்து கிழக்காக வரையுங்கள். தூரம் தொடக்க முனையிலிருந்துதான் எண்ணப்படும், தலைகீழாக வரைந்தால் கடல் இடப்பக்கம் வந்து நிற்கும். துளைகளைத் தொட்டுத் தொட்டு வளைந்து போகும் கோடு பார்க்க வசதியாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் சரிவின் தோற்றம் மாறும். இரண்டு மூன்று திருப்பத்துக்கு மேல் வேண்டாம். திருப்பம் உள்ள இடத்தை வெட்டிலும் குறியுங்கள்.

கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கும் துளையைச் சேர்க்கலாம்? இது மென்பொருள் சொல்லும் விஷயமல்ல, பாறை சொல்வது. நெய்வேலி, அரியலூர் போன்ற படிவுப்பாறைப் பகுதியில் அடுக்கு ஒரு திசையில் சீராகச் சரியும். அங்கே கோட்டுக்குச் செங்குத்தாக 2° சரிவிருந்தால், 500 மீட்டர் தள்ளியுள்ள துளையில் அடுக்கு 17.5 மீட்டர் மேலாகவோ கீழாகவோ இருக்கும். சரிவு தெரிந்தால் அந்த அளவைத் திருத்திச் சேர்க்கலாம். நம் சார்னோகைட்டில் அது செல்லாது. இங்கே பாறையின் மேற்பரப்பு என்பது மக்கிப்போனதன் எல்லை. அது எந்தச் சரிவுக்கும் கட்டுப்படாது. விரிசல் உள்ள இடத்தில் ஆழமாகவும், இல்லாத இடத்தில் மேடாகவும் போகும். அதனால் இந்த வெட்டுக்கு இருபுறமும் 250 மீட்டர் போதும். கோட்டைச் சுற்றி அந்த அகலத்துக்கு 'பஃபர்' போடும்போது முனையைத் தட்டையாக வையுங்கள். வட்ட முனையாக விட்டால் கோட்டின் எல்லைக்கு அப்பால் இருக்கும் துளைகளும் உள்ளே வந்து, தொடக்க முனைக்கு அப்பால் உள்ளவை தூரம் 0இலும், மறுமுனைக்கு அப்பால் உள்ளவை கோட்டின் முழு நீளத்திலும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவியும்.

துளைகளை வெட்டுத் தளத்துக்குக் கொண்டுவருதல்

விரைவாக ஒரு பார்வை வேண்டுமானால் 3.26 பதிப்பிலிருந்து உள்ளேயே வரும் 'எலிவேஷன் புரொஃபைல்' பலகை போதும். சகிப்பளவை 250 மீட்டர் வைத்தால் பக்கத்துத் துளைகளும் தெரியும். தரைமட்டப் பிழைகளைப் பிடிக்க இதைவிட வேகமான வழி இல்லை: தரைக்கோட்டுக்கு மேலே மிதக்கும் துளையும், கீழே புதைந்த துளையும் ஒரே பார்வையில் அகப்படும். சாய்வாகப் போட்ட துளைகள் இருந்தால் 'ஜியோசயின்ஸ்' பிளகினுக்குப் போங்கள். அது சாய்வு அளவுகளையும் எடுத்துக்கொள்ளும். செங்குத்துத் துளைகளுக்குக் கீழே உள்ள முறை எந்தப் பிளகினும் இல்லாமல் நடக்கும், பதிப்பு மாறினாலும் உடையாது. செயற்கூறுகளின் பெயர்களை இங்கே தமிழில் எழுதியிருக்கிறோம். மென்பொருளில் ஆங்கிலச் சிற்றெழுத்தில், சொற்களுக்கு நடுவே கீழ்க்கோடு போட்டுத் தட்ட வேண்டும்.

1. துளை லேயரில் 'தூரம்' என்ற தசமப் பத்தியை ஃபீல்டு கால்குலேட்டரில் உருவாக்குங்கள். லைன்_லொகேட்_பாயிண்ட் செயற்கூறுக்கு முதலில் கோட்டின் வடிவம், அடுத்துத் துளையின் வடிவம். கோட்டின் வடிவத்தை கெட்_ஃபீச்சர் வழியாக எடுக்கலாம். விடை 0.03 போல வந்தால் லேயர் இன்னும் பாகையில் இருக்கிறது என்று பொருள். 32644க்கு மாற்றிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

2. அதேபோல் 'விலகல்' என்று ஒரு பத்தி: டிஸ்டன்ஸ் செயற்கூறால் துளைக்கும் கோட்டுக்கும் உள்ள தூரம்.

3. 'ஜாயின் ஆட்ரிபியூட்ஸ் பை ஃபீல்டு வேல்யூ' கருவியில் துளை லேயர் முதலாவது, அடுக்கு அட்டவணை இரண்டாவது. இணைப்பு வகையில் ஒன்றுக்குப் பல என்பதைத் தேர்ந்தெடுக்க மறந்தால் ஒவ்வொரு துளைக்கும் முதல் அடுக்கு மட்டும் வரும்.

4. 'ஜியோமெட்ரி பை எக்ஸ்பிரஷன்' கருவியில் வெளியீடு கோடு. மேக்_லைனுக்குள் இரண்டு மேக்_பாயிண்ட். இரண்டுக்கும் கிடை அளவு 'தூரம்'. மேல்முனையின் நிலை அளவு, தரைமட்டத்திலிருந்து 'முதல்' கழித்து 20ஆல் பெருக்கியது. கீழ்முனைக்கு 'வரை' கழித்து 20ஆல் பெருக்கியது. 20 என்பது நிலைமிகை, அதாவது உயரத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் மடங்கு. அது ஏன் என்பது கீழே.

5. இதைப் புதிய புராஜெக்டில் திறந்து, புராஜெக்டின் ஆயத்தொலைவு முறையை 'இல்லை' என்று வையுங்கள். கோட்டின் தடிமன் வரைபட அலகில் 60. முக்கியமாக, கோட்டின் முனை வடிவம் தட்டை. க்யூஜிஐஎஸ் தானாக வைப்பது சதுர முனை. அது இருபுறமும் தடிமனில் பாதி நீளும். 60 அலகுக் கோட்டில் 30 அலகு, அதாவது நிஜத்தில் ஒன்றரை மீட்டர் மேலும் கீழும் நீண்டு, நடுவிலிருக்கும் மெல்லிய அடுக்கை மூடிவிடும்.

தரைக்கோட்டுக்கு, வெட்டுக்கோட்டின்மேல் 'பாயிண்ட்ஸ் அலாங் ஜியோமெட்ரி' 30 மீட்டர் இடைவெளியில். தரவே 30 மீட்டர் கட்டமாக இருக்கும்போது அதைவிட நெருக்கிப் போடுவதில் பயனில்லை. பிறகு 'சாம்பிள் ராஸ்டர் வேல்யூஸ்', அடுத்து மேலே சொன்னபடி புள்ளியாக மாற்றி, 'பாயிண்ட்ஸ் டு பாத்' கருவியில் தூர வரிசையில் இணையுங்கள்.

ஏன் 20 மடங்கு

எட்டரை கிலோமீட்டரை ஏ3 தாளில் 1:25,000 அளவில் போட்டால் 340 மில்லிமீட்டர். துளைகள் காட்டும் 60 மீட்டர் உயர வேறுபாடு அதே அளவில் 2.4 மில்லிமீட்டர்தான், அதற்குள் ஐந்து அடுக்கை யாரால் காட்ட முடியும்? 20ஆல் பெருக்கினால் 48 மில்லிமீட்டர், வசதியாக அடங்கும்.

இதற்கு விலை உண்டு. சரிவின் டேன்ஜென்ட் மதிப்பும் 20 மடங்காகும். 1° சரிவு தாளில் 19° ஆகத் தெரியும். பரங்கிமலையின் 15° சரிவு 79° சுவராக நிற்கும். சரிவைக் கோணமானி வைத்து அளக்க யாருக்கும் ஆசை வராமலிருக்க, நிலைமிகை எத்தனை மடங்கு என்பதை வெட்டின் அடியில் பெரிதாக எழுதுங்கள். அடுக்கின் தடிப்பைச் செங்குத்தாக மட்டுமே அளக்கலாம்.

துளைக்கும் துளைக்கும் நடுவே

துளை காட்டுவது அது நிற்கும் இடத்தை மட்டும்தான். மீதி நம் முடிவு. இந்த இரண்டும் பார்ப்பவருக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

முதலில் நினைவில் வைக்க வேண்டியது, எட்டாததும் இல்லாததும் ஒன்றல்ல என்பது. 15 மீட்டரில் நிறுத்திய துளையில் பாறை இல்லை என்று பதிவு சொல்லாது. அதுவரை வரவில்லை என்றுதான் சொல்கிறது. அதன் அடியில் பாறைக்கோடு எங்கே வேண்டுமானாலும் போகலாம், 15 மீட்டருக்கு மேலே மட்டும் வரக் கூடாது. ஆழம் குறைந்த துளைகளும் அந்த அளவுக்குப் பயனுள்ள சாட்சிகளே.

அடுத்து சார்னோகைட்டுக்கே உரிய ஒரு சிக்கல். இந்தப் பாறை மக்கும்போது விரிசல் வழியாக மக்கி, நடுவில் உருண்டையான கெட்டிக் கற்களை விட்டுவைக்கும். துளை அப்படி ஒரு கல்லில் முட்டி நின்றால் பதிவில் 'பாறை' என்று ஏறிவிடும். பக்கத்துத் துளைகளைவிட ஆறேழு மீட்டர் மேலே ஒரு துளையில் மட்டும் பாறை வந்தால், அந்தத் துளை பாறைக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள். 3 மீட்டருக்காவது குடைந்து, தொடர்ந்து கெட்டியான துண்டங்கள் வந்திருந்தால் நம்பலாம். அரை மீட்டரில் நின்றிருந்தால் கேள்விக்குறி போட்டு, பாறைக்கோட்டை அந்தப் புள்ளி வழியாக இழுக்காமல் விடுங்கள். எஸ்பிடி சோதனையில் (குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கி, எத்தனை அடிக்கு இறங்குகிறது என்று எண்ணுவது) குழாய் இறங்கவில்லை என்பதாலேயே அது பாறை ஆகிவிடாது. கெட்டியான மக்கிய பாறையிலும், சரளையிலும் அப்படித்தான் வரும்.

எல்லைகளின் துல்லியத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. எஸ்பிடி மாதிரியைப் பொதுவாக 1.5 மீட்டருக்கு ஒருமுறை எடுப்பார்கள். மணல் முடிந்து களி தொடங்கிய இடம் அந்த இடைவெளிக்குள் எங்கேயும் இருக்கலாம். அரை மீட்டர் நெளிவுக்கெல்லாம் காரணம் தேடி வளைவு போட வேண்டியதில்லை.

ஒரே துளையில் மட்டும் வந்து இருபுறமும் இல்லாத அடுக்கை, பக்கத்துத் துளைக்குப் பாதித் தூரத்தில் கூராக்கி முடிப்பது வழக்கம். ஆற்றுப்படிவு மணலுக்கு அது பொருந்தும். அடையாறு முகத்துவாரப் பக்கம் பழைய ஆற்றுத்தடங்கள் களிக்குள் புதைந்திருக்கலாம். அவற்றின் அடி குழிவாகவும் மேல் தட்டையாகவும் இருக்கும், இருபுறமும் சமமாகப் பருத்த வில்லையாக வரைந்தால் தவறு. எதையும் வரையும் முன் அந்த அடுக்கு எப்படிப் படிந்தது என்று கேளுங்கள். வடிவம் அதிலிருந்து வரும்.

வரையும் வேலைக்குப் பலகோணத்தில் நேரடியாகத் தொடங்காதீர்கள். எல்லைக்கோடுகளை மட்டும் தனி லேயரில், துளைக்கோட்டின் முனைகளில் ஸ்னாப் செய்து வரையுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் 'உறுதி', 'ஊகம்' என்று ஒரு பத்தி. ஊகம் எல்லாம் விட்டுவிட்ட கோடு. தரைக்கோட்டையும் நான்கு ஓரங்களையும் அதே லேயரில் சேர்த்து, முனைகளைக் கொஞ்சம் தாண்ட விடுங்கள். பிறகு 'ஸ்ப்ளிட் வித் லைன்ஸ்' கருவியில் அந்த லேயரை அதனாலேயே வெட்டி, 'பாலிகனைஸ்' செய்தால் பலகோணங்கள் இடைவெளியில்லாமல் வரும். ஓர் அடுக்கு வராமல் போனால் எங்கோ ஒரு கோடு மற்றதைத் தொடவில்லை. எல்லையை மாற்ற வேண்டியபோது கோட்டை மட்டும் நகர்த்திவிட்டு இரண்டு கருவிகளையும் மறுபடி ஓட்டினால் போதும்.

தாளில்

பிரின்ட் லேஅவுட்டில் கட்டக்கோடு கிடையில் 500, நிலையில் 100, அதாவது நிஜத்தில் 5 மீட்டர். அப்படியே விட்டால் நிலை அச்சில் 100, 200 என்று பெருக்கிய எண்கள் வரும். கட்டத்தின் எண் வடிவத்தை 'கஸ்டம்' ஆக்கி, கிரிட்_ஆக்சிஸ் மாறியின் மதிப்பு 'ஒய்' என்றால் கிரிட்_நம்பரை 20ஆல் வகுக்கச் சொல்லுங்கள். நிலைமிகையை ஒரு நாள் 20இலிருந்து 10ஆக மாற்றும்போது, ஜியோமெட்ரி எக்ஸ்பிரஷனில் மாற்றிவிட்டு இங்கே மாற்ற மறப்பது சகஜம். அதனால் அந்த எண்ணைப் புராஜெக்ட் மாறியாக ஒரே இடத்தில் வைத்து, இரண்டு இடத்திலும் அதையே அழையுங்கள்.

ஒவ்வொரு துளையின் தலைக்கு மேலும் துளை எண், தரைமட்டம், விலகல் மூன்றும் இருக்க வேண்டும். 'து7, 4.10, 230 மீ. வடக்கே' என்று இருந்தால், அந்தத் துளையில் மட்டும் களி ஏன் ஒத்துப்போகவில்லை என்று பார்ப்பவரே ஊகிப்பார். தண்ணீர் மட்டத்தைக் குறித்தால் அளந்த தேதியையும் போடுங்கள். மே மாத அளவையும் டிசம்பர் மழைக்குப் பிந்தைய அளவையும் ஒரே கோட்டில் இணைக்கக் கூடாது.